பாபுவின் ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்

தண்டையார்பேட்டை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் அது வீடு முழுவதற்குமான பேச்சு என்பது உனக்குத் தெரியாததா? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைதான். நான் முணுமுணுத்தாலும் தம்பி பாபுவுக்குக் கேட்கும். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாலோ, அம்மா மாடிக்குப் போய்ப் பேசுகிறாள் என்பதே அவனுக்குச் செய்தியாகிவிடும். ஆகவே எழுதுகிறேன். உன் அலுவலகத்துக்கு அனுப்பாமல் வீட்டு முகவரிக்கே கூரியரில் அனுப்புகிறேன். நிதானமாகப் படி. மாப்பிள்ளையும் படிக்கலாம், அவர் படிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வரத் தொடங்கிவிட்டன. காசிமேட்டில் பழையபடி விடியற்காலைக் கூட்டம். அப்பா முழங்கால் வலியோடு நடந்துபோய்ச் சங்கரா வாங்கி வந்தார், நண்டும் வாங்கி வந்தார். மே மாதம் நீ வருவாய் என்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். அலுவலகத்தில் விட முடியாத வேலை என்றாய், சரி என்றோம். போன வாரம் வீடியோவில் பேசும்போது நண்டுக் குழம்பைக் காட்டினேன். ‘அதை அந்தப் பக்கம் வை அம்மா, பார்த்தாலே குமட்டுகிறது’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நண்டு என்றால் தம்பி தட்டில் இருப்பதையும் எடுத்துத் தின்றவள் நீ. நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஊர் மாறினால் நாக்கும் மாறலாம். மாப்பிள்ளை அன்று முழுவதும் உன் பின்னால் நின்றுகொண்டு, நீ வாயைத் திறக்கும் முன்னே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் நான் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பாபுவின் தசை தளரும் நோய்க்கு, அந்த டுஷேனுக்கு, எடுத்த மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு மரபியல் மருத்துவரைப் பார். பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது, தசை நோய்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு நடக்கிறது. அடுத்த மாதம், தீபாவளி கழித்து என்றெல்லாம் தள்ளாதே.

வெறுங்கையோடு போனால் அவர்கள் முதலில் கேட்கப்போவது இந்த ரிப்போர்ட்டைத்தான். பாபுவுக்குப் பிழை இருப்பது, டிஸ்ட்ரோஃபின் என்ற தசைப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஜீனில். மனித உடம்பில் உள்ள ஜீன்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. சுமார் 22 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். அதில் புரதத்துக்கு உண்மையில் பயன்படுவது பதினோராயிரத்துச் சொச்சம்தான், அதுவும் 79 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தத் துண்டுகளைத்தான் எக்ஸான் என்கிறார்கள். இவ்வளவு நீளமாக இருப்பதால் இதில் பிழை நேரவும் இடம் அதிகம். இந்த நோய் வந்த பையன்களின் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அம்மாவிடம் எந்தக் குறையும் இருப்பதில்லை, பிழை புதிதாகவே நேர்ந்திருக்கிறது. எந்த இடத்தில் என்ன பிழை என்று ஏற்கெனவே தெரிந்த குடும்பத்துக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். அதைத் தெரிந்துகொள்ள நாம் பட்ட அலைச்சல் உனக்குத் தெரியும். அந்த அலைச்சலின் பலன் இந்த நாலு பக்கம். உன்னிடம் இது எப்போதோ இருந்திருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தில், 48, 49, 50 ஆகிய எக்ஸான்கள் இல்லை என்று எழுதியிருப்பார்கள். 79-இல் மூன்றுதானே போயிருக்கிறது, அதற்கா இவ்வளவு என்று நான் அன்றைக்கு அந்த மருத்துவரிடம் கேட்டேன். நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். அவர் ஒரு காகிதத்தை எடுத்து விளக்க ஆரம்பித்தார். மண்ணடி அச்சகத்தில் ஆயுள் முழுவதும் புரூஃப் பார்த்தவளுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. உனக்கும் அப்படியே சொல்கிறேன். நம் உடம்பு இந்த எழுத்துகளை மூன்று மூன்றாகத்தான் படிக்கிறது. நடுவில் இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி வரும்வரை எண்ணி எண்ணிப் படித்துக்கொண்டே போகும். ‘அத்தை நேற்று தனியே போனாள்’ என்று ஒரு வரி. எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். இதில் ‘தனியே’ என்பது முழுவதுமாக விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள். ‘அத்தை நேற்று போனாள்.’ ஒரு சேதி குறைகிறது, ஆனால் வரி நிற்கிறது. அந்தச் சொல்லில் ‘னி’ என்ற ஓர் எழுத்து மட்டும் விழுந்தால்? மூன்று மூன்றாகப் படிப்பவன் ‘அத்தை நேற்று தயேபோ னாள்’ என்று படிப்பான். விழுந்தது ஓர் எழுத்துதான், ஆனால் அதற்குப் பிறகு வருவது எதுவும் வாக்கியமாக இல்லை.

பாபுவுக்கு நடந்தது இந்த இரண்டாவது. அவன் அதைக் கணக்காகவே போட்டுவிட்டான். அவன் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதினேன், ஜெராக்ஸில் அதுவும் இருக்கிறது, பார். 48-இல் 186 எழுத்து, 49-இல் 102, 50-இல் 109. கூட்டினால் 397. மூன்றால் வகுத்தால் ஒன்று மிச்சம். அந்த ஒன்றால்தான் அதன் பிறகு எல்லாம் தடம் மாறிப் படிக்கப்படுகிறது, கொஞ்ச தூரத்திலேயே வரக்கூடாத இடத்தில் முற்றுப்புள்ளி வந்துவிடுகிறது. புரதம் பாதியில் நிற்கிறது, அரைகுறையாக வந்ததையும் உடம்பு அழித்துவிடுகிறது. தசையில் டிஸ்ட்ரோஃபின் இல்லாமலே போகிறது. அதுதான் டுஷேன்.

அந்தக் கணக்குக்குக் கீழேயே இன்னொரு கணக்கு இருக்கும். 51-ஆவது எக்ஸானில் 233 எழுத்து. அதுவும் சேர்ந்து விழுந்திருந்தால் மொத்தம் 630. மூன்றால் மிச்சமில்லாமல் வகுபடும். அதாவது பாபுவுக்கு இன்னும் ஒரு துண்டு கூடுதலாகப் போயிருந்தால் நோய் இவ்வளவு கொடியதாக இருந்திருக்காது. அப்படி 48 முதல் 51 வரை இல்லாத ஒருவரை நாங்கள் கிளினிக்கில் பார்த்தோம். முப்பது வயதைத் தாண்டியவர், பைக் ஷெட் வைத்திருக்கிறார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடிப்படி ஏறினார். அவருக்கு வந்திருப்பது பெக்கர் என்ற மிதமான வகை. ஜீன் அதேதான், இடமும் அதேதான், இழப்பு மட்டும் அவருக்கு அதிகம். பாபு அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும்தான் இந்தக் கணக்கைப் போட்டான்.

விழுந்த எழுத்துகள் மூன்றால் வகுபட்டால் பெக்கர், மிச்சம் வந்தால் டுஷேன் என்ற இந்த விதியை 1988-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அது பொருந்துகிறது. 1990-இல் ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அவருக்கு அந்தப் புரதத்தில் கிட்டத்தட்ட பாதி, 46 சதவீதம், இல்லவே இல்லை. அவர் 61 வயதிலும் நடந்துகொண்டிருந்தார். இந்தப் புரதத்தின் ஒரு முனை தசைக்கு உள்ளே உள்ள இழையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மறுமுனை தசையின் மேலுறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு முனையும் சரியாக இருந்தால், நடுப்பகுதி குட்டையானாலும் தசை எப்படியோ சமாளித்துவிடுகிறது. அமெரிக்காவில் 2016-இல் அனுமதித்த ஒரு மருந்து, 51-ஐ வேண்டுமென்றே தாண்டிப் படிக்க வைக்கிறது, டுஷேனை பெக்கர் போல ஆக்கிப் பார்க்கிற முயற்சி. பாபுவின் பிழைக்குப் பொருந்தும் மருந்துதான். வாரா வாரம் நரம்பில் ஏற்ற வேண்டும், விலை நாம் வாயால் சொல்லக்கூடியது அல்ல, கிடைக்கிற பலனும் கொஞ்சம்தான் என்கிறார்கள். அவனுக்கு இது எல்லாம் தெரியும். நான் சொல்லி அவன் தெரிந்துகொண்டதில்லை, அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உனக்கு எதற்கு இவ்வளவு விவரம் என்று கேட்காதே. நீ இன்ஜினியர், ஆதாரம் இல்லாமல் எதையும் கேட்க மாட்டாய். அம்மா பயத்தில் உளறுகிறாள் என்று நீ கடிதத்தை மடித்து வைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன் பெரியத்தை இன்னமும் விடவில்லை. போன மாதம் திருவொற்றியூர்க் கோயிலில் பார்த்தபோதும், சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்றார். நானும் அப்பாவும் மாமன் மகள் அத்தை மகன் என்பதால் இது வரவில்லை. தலசீமியா போன்ற நோய்களுக்கு அது பொருந்தும். அங்கே அம்மா, அப்பா இரண்டு பேரிடமும் ஒரே குறை இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும், சொந்தத்தில் கட்டினால் அது நேர வாய்ப்பு அதிகம். இது அப்படியல்ல. இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய், எக்ஸ் அம்மாவிடமிருந்துதான். நான் யாரைக் கட்டியிருந்தாலும் பாபுவுக்கு என்னிடமிருந்து இதுவே போயிருக்கலாம். எனக்கு இது என் அம்மா, உன் ஆயாவிடமிருந்து வந்தது, என்கூடப் பிறந்த ராஜா மாமாவுக்கும் அங்கிருந்துதான். மாமா போனது 1985-இல். அதற்கு அடுத்த வருடம்தான் அமெரிக்காவில் இந்த ஜீனையே கண்டுபிடித்தார்கள். கால் வாதம் என்று எண்ணெய் தேய்த்து, கயிறு கட்டி, அந்தோணியார் கோயிலுக்கும் அங்காளம்மன் கோயிலுக்கும் தூக்கிக்கொண்டு போனதைத் தவிர ஆயா வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆயாவைக் குறை சொல்லாதே. என்னையும் யாரும் குறை சொல்ல இதில் இடமில்லை என்று அந்த மருத்துவர் அப்பாவையும் உட்கார வைத்துச் சொன்னார். அன்றைக்கு அப்பா பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மாமாவுக்கும் பாபுவுக்கும் இருப்பது ஒரே பிழையாகத்தான் இருக்க வேண்டும். இருந்தும் மாமா எட்டு வயதில் உட்கார்ந்துவிட்டார், பாபு பதினொன்று வரை நடந்தான். ஸ்டீராய்டு மாத்திரை ஒரு காரணம், பிசியோதெரபி ஒரு காரணம். இந்த ஜீனைத் தவிர வேறு சில ஜீன்களும் நோயின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன என்கிறார்கள். ஆகவே ரிப்போர்ட்டைப் பார்த்து, இன்ன வயதில் இன்னது நடக்கும் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. மாமாவைப் பார்த்த கண்ணோடு பாபுவைப் பார்த்து நான் பயந்த பயத்தில் பாதி நடக்கவில்லை. அவனுக்கு 22 வயது. இரவில் மூச்சு மெஷின் மாட்டிக்கொள்கிறான், பகலில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறான். எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர் ஜி.எஸ்.டி. விஷயம் எதுவானாலும் பாபுவைத்தான் கேட்கிறார்.

இப்போது உன் விஷயம். என் இரண்டு எக்ஸில் ஒன்றில் அந்த மூன்று துண்டுகள் இல்லை. இரண்டில் எது உனக்கு வந்தது என்பது பாதிக்குப் பாதி. உனக்குப் பதினைந்து வயதில் ரத்தத்தில் சி.பி.கே., அதாவது தசை சேதமானால் கூடும் நொதி, பார்த்தோம், நார்மல் என்று வந்தது, அன்றைக்குக் கல்மண்டபத்தில் நின்று உனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். அந்த நார்மலை நம்பி நீ இருக்கிறாயோ என்பதுதான் என் பயம். பிழையைச் சுமக்கும் பெண்களில் பலருக்குச் சி.பி.கே. நார்மலாகவே இருக்கும். அந்த ரிப்போர்ட் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். எம்.எல்.பி.ஏ. என்று ஒரு பரிசோதனை, ரத்தம் கொடுத்தால் போதும், அந்த மூன்று எக்ஸானும் உனக்கு இரண்டு எக்ஸிலும் இருக்கின்றனவா என்று எண்ணிச் சொல்லிவிடும். இருக்கின்றன என்று வந்தால் நம் வீட்டுப் பிழை உன்னிடம் வரவில்லை, உன் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிய கவலை வேண்டாம். இல்லை என்று வந்தால், ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு நோய், ஒவ்வொரு மகளுக்கும் பாதி வாய்ப்பு நம்மைப் போல.

கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொன்னேன். ‘மாப்பிள்ளை வீட்டில் நான் பேசிவிட்டேன், அவருக்கு எல்லாம் தெரியும், நீ இதில் தலையிடாதே’ என்றாய். அவருக்குத் தெரியும் என்பதில் எனக்குப் பெருமைதான். எத்தனை பெண்கள் அதை மறைத்துக் கழுத்தை நீட்டுகிறார்கள்! நீ மறைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் தம்பியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய், அங்கிருந்து உன் பள்ளிக்கூடத்துக்கு ஓடினவள். நீ எதற்கும் பயந்தவள் அல்ல. இதற்கு மட்டும் ஏன் பயப்படுகிறாய்? கேட்டால் கட்டைவிரல் படத்தை அனுப்புகிறாய். அம்மாவின் கேள்விக்குக் கட்டைவிரல் ஒரு பதிலா கயல்?

பொதுவாகச் சொல்கிறேன், உனக்கென்று சொல்லவில்லை. ஒரு பெண் கருவுற்றிருந்தால், 11-ஆவது வாரத்திலிருந்து 14-ஆவது வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துளி எடுத்துப் பரிசோதிக்கலாம். அது தவறினால் 15, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். இரண்டிலும் கரு கலைய மிகச் சிறிய ஆபத்து உண்டு, அதை மருத்துவர் சொல்லித்தான் செய்வார். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட பரம்பரை நோய்க்காகப் பரிசோதனை செய்ய அதே சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. எனவே போலீஸ், கேஸ் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. ஆனால் தாயிடம் பிழை இருக்கிறதா என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும், அந்த ரிப்போர்ட் வரவே நாளாகும். வாரங்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

பார்த்த பிறகு என்ன செய்வது என்பது உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதும். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அப்பாவும் சொல்ல மாட்டார். பெரியத்தை சொல்வார், அவர் சொல்வதைக் கேட்காதே. தெரிந்துகொண்டு முடிவெடு, அது போதும். பாபுவுக்கு நான்கு வயது ஆகும்வரை, படி ஏறச் சோம்பேறித்தனம், குண்டுக் கால் என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நான்கு வருடத்தைப் போல ஒன்று உனக்கு வேண்டாம். முன்பே தெரிந்தால் மருந்து எப்போது, பயிற்சி எப்போது, பள்ளிக்கூடம் எது, தரைத்தள வீடு எங்கே என்று எல்லாவற்றையும் நிதானமாக யோசிக்கலாம்.

இன்னொன்று. பிள்ளை விஷயம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், உன் இதயத்தை எக்கோ எடுத்துப் பார். கேலி செய்யாதே. பெண்களுக்கு இந்த நோய் வராது என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நமக்கு இரண்டு எக்ஸ் இருந்தாலும் ஒவ்வொரு செல்லிலும் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றது அணைந்துவிடும். எது அணையும் என்பதில் ஒழுங்கு கிடையாது. மேரி லயன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1961-லேயே இதை எழுதிவிட்டார். நல்ல எக்ஸ் அதிகமான செல்களில் அணைந்துபோனால் அந்தப் பெண்ணுக்கும் தசை தளரும், இதயம் தளரும். கெண்டைக்காலில் எனக்கு வரும் பிடிப்பை நீ பார்த்திருக்கிறாய்.

உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு மெட்ரோ ஸ்டேஷனில் லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாள் படி ஏறினேன், நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். எக்கோ எடுத்தார்கள். பம்பிங் குறைந்திருக்கிறது என்றார்கள். இந்தப் பிழையைச் சுமக்கும் பெண்களுக்கு வரக்கூடியதுதான், பயப்பட வேண்டாம், மாத்திரையை விடக்கூடாது என்றார் மருத்துவர். விடாமல் சாப்பிடுகிறேன். இப்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது, வேலை எல்லாம் செய்கிறேன். அப்பாவுக்குத் தெரியும். பாபுவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தன்னைத் தூக்கித் தூக்கித்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்று அவன் நினைத்துக்கொள்வான். அப்படி இல்லை என்று எத்தனை எக்ஸான் கணக்கு சொன்னாலும் நம்ப மாட்டான். நீயும் அழுதுகொண்டு ரயில் ஏறி வந்து நிற்காதே. நான் இதை எழுதியது நீ எக்கோ எடுக்க வேண்டும் என்பதற்காக. உன்னிடம் பிழை இருந்தால் சில வருடங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பெண் வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும்போது இதயத்துக்கு வேலை கூடுதல், அப்போது இன்னும் முக்கியம். அதையும் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

ரிப்போர்ட் பாபுவுடையது, அவனைக் கேட்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அக்காவுக்கு ஒரு நகல் அனுப்பட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ‘பின்பக்கத்துக் கணக்கையும் சேர்த்து ஜெராக்ஸ் எடு, அக்காவுக்குக் கணக்கு இருந்தால்தான் புரியும்’ என்றான். கொஞ்ச நேரம் கழித்து, ‘நான் இருப்பதால்தான் அவளால் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்’ என்றும் சொன்னான். எனக்குக் கை ஓடவில்லை. பருப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நோய் இன்னொரு பிள்ளைக்கு வேண்டாம் என்று நான் வேண்டாத நாளில்லை. அதை வாய்விட்டுச் சொன்னால், பக்கத்தில் படுத்திருக்கும் என் பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்று தொண்டையில் நின்றுவிடுகிறது. நீயும் அதற்காகத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். வீடியோவில் அவன் முகம் தெரிந்ததும் நீ பேச்சை மாற்றுவதை நான் பார்க்காமல் இல்லை. மிக்ஜாம் புயலில் கரண்ட் போய் மெஷின் நின்ற அந்த இரவில், பெங்களூரிலிருந்து ஒவ்வொரு ஜெனரேட்டர்காரராகப் போன் செய்து விடிவதற்குள் ஆளை அனுப்பி வைத்தவள் நீ. நீ அவனை எப்படி நினைக்கிறாய் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனையால் அது மாறிவிடாது. அவன் நம் இரண்டு பேரையும்விடத் தெளிவாக இருக்கிறான். அவனிடமே நீ நேராகப் பேசலாம், எம்.எல்.பி.ஏ. பற்றி என்னைவிட அவன் நன்றாகச் சொல்வான்.

கடிதம் கிடைத்தது என்று மட்டும் ஒரு வரி அனுப்பு, வார்த்தையில் அனுப்பு. மருத்துவரைப் பார்க்கத் தேதி கிடைத்தால் சொல், நான் வருகிறேன். இரவு மெஷின் மாட்ட அப்பாவுக்குத் தெரியும், பகலில் எதிர்வீட்டுப் பையன் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறான். பிருந்தாவன் ரயிலில் ஏறினால் மதியம் வந்துவிடுவேன். நான் வருவது உனக்கு இடைஞ்சல் என்றால் அதையும் சொல், வருத்தப்பட மாட்டேன். மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, தனியே போகாதே.

புளி போட்டதெல்லாம் குமட்டினால் எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் வைத்துக்கொள். நெல்லிக்காயும் நல்லது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் இருக்காதே.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பதினைந்து வயதில் எடுத்த சி.பி.கே. ரிப்போர்ட்டை அவர்களிடம் காட்டினாலும், அதைக் காரணமாக வைத்து நீயாகவே வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நார்மல் என்று அதில் போட்டிருப்பது போதாது. எக்கோவையும் மறந்துவிடாதே.